நீச்சல் குளமும் கூடைப்பந்துத் தளமும்: எதைக் கொண்டு கட்டுவது? – வாசகர் கேள்வி பதில்

வந்திருக்கும் கேள்விகளில் பல, கண்ணுக்குத் தெரியும் பரப்பைப் பற்றியவை: எந்த டைல்ஸ், எந்த நிறம், எந்தப் பெயின்ட். பதில்கள் மட்டும் திரும்பத் திரும்ப அதற்கு அடியில் போய் நிற்கின்றன. அங்கேதான் விஷயம் இருக்கிறது.

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழத்தில் குளம் கட்ட நினைக்கிறோம். கான்கிரீட், ஃபைபர் கிளாஸ், வினைல் லைனர் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது நல்லது?

முடிவெடுக்கும் முன், குளம் வரப்போகும் இடத்தில் 2 மீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டிப் பாருங்கள். மழைக்காலம் முடிந்த கையோடு தோண்டினால் இன்னும் நல்லது. ஊற்று எந்த மட்டத்தில் வந்து நிற்கிறது, மண் களியா மணலா, யாரோ கொட்டி நிரப்பிய மண்ணா என்பது தெரிந்துவிட்டால் பாதிக் கேள்வி தானாகவே தீரும்.

ஃபைபர் கிளாஸ் தொட்டி தொழிற்சாலையிலேயே வார்க்கப்பட்டு லாரியில் வந்து இறங்கும். சாலையில் கொண்டுவர வேண்டியிருப்பதால் அகலம் பெரும்பாலும் 5 மீட்டருக்குள்தான் இருக்கும். உங்கள் 4 மீட்டருக்குச் சிக்கல் இல்லை. கிரேன் நிற்க இடமும், மேலே மின்கம்பி குறுக்கிடாத வழியும் வேண்டும். உள்பரப்பு ஜெல்கோட் என்னும் வழவழப்பான ரெசின் மேற்பூச்சு என்பதால் பாசி எளிதில் ஒட்டாது. வாங்கும்போது தவறாமல் கேளுங்கள்: ஜெல்கோட்டுக்கு அடுத்த அடுக்கு வினைல் எஸ்டர் ரெசினா, சாதாரண பாலியெஸ்டரா? பாலியெஸ்டர் வழியே தண்ணீர் மெல்ல ஊடுருவி, சில ஆண்டுகளில் ஜெல்கோட்டுக்கு அடியில் கொப்புளம் கிளம்பும். வினைல் எஸ்டர் அடுக்கு அதைப் பெருமளவு தடுக்கும்.

ஃபைபர் தொட்டி பெரும்பாலும் கெடுவது இறக்கிவைக்கும் அன்றைக்குத்தான். அடியில் 100 முதல் 150 மி.மீ. வரை பொடி ஜல்லி பரப்பி, நூல் பிடித்து மட்டம் பார்த்தபின் தொட்டியை வைக்க வேண்டும். பக்கவாட்டு இடைவெளியைத் தோண்டிய மண்ணால் நிரப்பக் கூடாது. 20 மி.மீ.க்கு உட்பட்ட சுத்தமான ஜல்லியை 300 மி.மீ. உயரம் போட்டுவிட்டு, அதே மட்டத்துக்கு உள்ளே தண்ணீர் விட வேண்டும். மறுபடி 300 ஜல்லி, மறுபடி தண்ணீர். ஜல்லி முந்தினால் சுவர் உள்ளே தள்ளும், தண்ணீர் முந்தினால் வெளியே பிதுங்கும். ஒரு முறை வயிறு தள்ளிய சுவரைப் பிறகு நிமிர்த்துவது பெரும்பாடு. வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று ஒரே மூச்சில் நிரப்பும் ஆளை அனுமதிக்காதீர்கள்.

கான்கிரீட் எந்த வடிவத்துக்கும் எந்த ஆழத்துக்கும் வளைந்துகொடுக்கும், கனமும் அதிகம். அந்தக் கனம் ஏன் தேவை என்பதை அடுத்த கேள்வியில் பார்க்கலாம். இந்த அளவுக் குளத்துக்கு தரையும் சுவரும் 200 மி.மீ. தடிமன், 30 மெகாபாஸ்கல் வலிமையுள்ள கான்கிரீட், தண்ணீர்–சிமென்ட் விகிதம் 0.45க்கு மேற்படாமல், மண்ணை ஒட்டிய பக்கம் கம்பிக்கு 50 மி.மீ. கவர் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் தடிமன்) என்று வைத்துப் பேச்சைத் தொடங்கலாம். கம்பியின் விட்டத்தையும் இடைவெளியையும் மண்ணைப் பார்த்துப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். தரையை இன்றும் சுவரை நாளையும் வார்ப்பதாக இருந்தால், இரண்டும் சேரும் இடத்தில் பி.வி.சி. வாட்டர் ஸ்டாப்பர் பட்டையைப் பாதி தரையிலும் பாதி சுவரிலும் புதையுமாறு நிறுத்த வேண்டும். கான்கிரீட் குளம் ஒழுகினால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடங்கள் இரண்டு: இந்த இணைப்பு, சுவரைத் துளைத்து வரும் குழாய் வாய். பீய்ச்சியடிக்கும் கான்கிரீட் முறையில் தெறித்து விழும் ஜல்லியைக் கூட்டி அள்ளி மூலையிலும் படியிலும் அடைப்பவர்கள் உண்டு. அதில் சிமென்ட் போதாது. வெறும் சல்லடை மாதிரி தண்ணீர் விடும். அதை வெளியே கொட்டச் சொல்லுங்கள்.

பூச்சு, டைல்ஸ் எதுவும் போடுவதற்கு முன் வெறும் கான்கிரீட்டில் தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் வைத்துப் பார்க்க வேண்டும். இந்த வாரத்தைத்தான் எல்லோரும் மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். டைல்ஸ் ஒட்டியபின் ஒழுக்கு தெரிந்தால் எங்கே என்று தேட முடியாது.

வினைல் லைனரில் இரும்பு அல்லது பாலிமர் பலகைகளால் சுவரும், வெர்மிகுலைட்–சிமென்ட் கலவையால் தரையும் அமைத்து, அதன்மேல் 0.5 முதல் 0.75 மி.மீ. தடிமனுள்ள வினைல் விரிப்பைப் பொருத்துவார்கள். தொடக்கச் செலவு குறைவு. 7 முதல் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை விரிப்பை மாற்றியாக வேண்டும். நாயின் நகமும் கூர்மையான விளையாட்டுப் பொருளும் அதற்கு எதிரி. தண்ணீரின் அமில–கார அளவான பி.எச். தொடர்ந்து 7க்குக் கீழே கிடந்தால் விரிப்பு சுருக்கம் விழுந்து விறைத்துப்போகும். வெந்நீர்க் குளத்துக்கு இது வேண்டாம்.

ஊற்று ஏறும் இடமானால் கான்கிரீட். வறண்ட நிலம், வழக்கமான வடிவம், சீக்கிரம் முடிய வேண்டும் என்றால் ஃபைபர். வினைலை, பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் வேலையை ஏற்றுக்கொள்பவர்களுக்கு மட்டும் சொல்லலாம்.

கேள்வி: சுத்தம் செய்வதற்காகக் குளத்தைக் காலி செய்தபோது ஃபைபர் தொட்டி ஒரு பக்கம் கையளவு மேலே எழும்பிவிட்டது. கான்கிரீட்டாக இருந்தால் இப்படி ஆகியிருக்காது அல்லவா?

கான்கிரீட்டும் எழும்பும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேலே சொன்ன 8க்கு 4 மீட்டர் குளத்தின் வெளியளவு, 200 மி.மீ. சுவரையும் சேர்த்தால் 8.4க்கு 4.4 மீட்டர், அடிப்பரப்பு ஏறத்தாழ 37 சதுர மீட்டர். தரைப்பலகையின் அடிமட்டத்திலிருந்து ஊற்று 1 மீட்டர் உயரம் ஏறினால், அந்த நீர் மேல்நோக்கித் தள்ளும் விசை 37 டன். கான்கிரீட்டின் எடை? தரை 7.4 கன மீட்டர், சுவர்கள் 7.4 கன மீட்டர், கன மீட்டருக்கு 2.4 டன் வீதம் 35.5 டன். அதாவது காலியான கான்கிரீட் குளமே மிதக்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. சுற்றியுள்ள மண்ணின் உராய்வு கொஞ்சம் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். ஃபைபர் தொட்டியின் எடை ஏறக்குறைய ஒரு டன். அதற்கு 3 சென்டிமீட்டர் ஊற்றே போதும். குளத்தில் இருக்கும் 48 டன் தண்ணீர்தான் இத்தனை நாளும் அதை அமுக்கிப் பிடித்திருந்தது.

இதற்கு இரண்டு ஏற்பாடுகள் உண்டு. தரையின் ஆழமான இடத்தில் ஒருவழி வால்வு: வெளியே அழுத்தம் கூடினால் திறந்து, ஊற்று நீரைக் குளத்துக்குள் விட்டு எடையைச் சமன் செய்யும். இதற்கடியில் ஜல்லிப் படுகை இல்லாவிட்டால் சேறு அடைத்து வால்வு வேலை செய்யாது. ஃபைபர் தொட்டிக்கு இன்னும் எளிய வழி, குழியின் அடிவரை இறங்கும் 150 மி.மீ. பி.வி.சி. குழாய் ஒன்றை ஓரமாக நட்டு வைப்பது. அடிப்பகுதியில் துளையிட்டு, வடிதுணி சுற்றி, ஜல்லிக்குள் நிறுத்தினால் போதும். காலி செய்வதற்கு முன் ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி உள்ளே விட்டுப் பாருங்கள். கல் நனைந்து வந்தால், அந்தக் குழாய் வழியாகவே சிறு மோட்டாரால் ஊற்றை இறைத்தபின்தான் குளத்தில் கைவைக்க வேண்டும்.

எழும்பிய தொட்டியை மேலிருந்து அமுக்கி உட்காரவைக்க முடியாது. அடியில் மணலும் சேறும் புகுந்திருக்கும். குழாய் இணைப்புகளும் பிடுங்கியிருக்கும். சுற்றிலும் தோண்டி, தூக்கி, படுகையை மறுபடி மட்டம் செய்துதான் வைக்க வேண்டும்.

கேள்வி: கான்கிரீட் குளத்துக்குள் மார்பிள் பூச்சு போடுவதா, கண்ணாடி மொசைக் ஒட்டுவதா?

தண்ணீரைச் சரியாகப் பராமரிப்பீர்களா என்பதைப் பொறுத்தது. வெள்ளைச் சிமென்டும் மார்பிள் துகளும் கலந்து 10 முதல் 12 மி.மீ. தடிமனில் இழைக்கும் பூச்சு, நல்ல பராமரிப்பில் பத்தாண்டு வரை ஓடும். பி.எச். 7.2க்கும் 7.8க்கும் இடையில், காரத்தன்மை 80 முதல் 120 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), கால்சியம் கடினத்தன்மை 200 முதல் 400 பி.பி.எம். இருக்க வேண்டும். மென்னீரை அப்படியே நிரப்பினால், தனக்குக் குறையும் கால்சியத்தை அது பூச்சிலிருந்தே கரைத்து எடுத்துக்கொள்ளும். காலில் சொரசொரப்பாகப் படத் தொடங்குவது அதன் அறிகுறி. பூச்சு இறுகியதும் தண்ணீர் நிரப்பத் தொடங்கி, நிறையும்வரை நிறுத்தக் கூடாது. பாதியில் நிறுத்தினால் அந்த மட்டத்தில் விழும் வளையக் கோடு போகவே போகாது.

மொசைக் இதைவிட நெடுநாள் உழைக்கும். தாளிலோ வலையிலோ ஒட்டி வரும் வில்லைகளில், பின்பக்கம் வலை ஒட்டியவற்றைத் தண்ணீருக்கடியில் பயன்படுத்தும் முன் யோசியுங்கள். வலையும் அதன் பசையும் வில்லைக்கும் ஒட்டுக்கலவைக்கும் நடுவில் உட்கார்ந்துவிடுகின்றன. பசை தண்ணீரில் கரையும் ரகமானால் வில்லைகள் உதிரும். முகப்பில் தாள் ஒட்டியவை பாதுகாப்பு. பாலிமர் கலந்த ஒட்டுக்கலவை, எப்பாக்ஸி சந்துக்கலவை இரண்டிலும் சிக்கனம் வேண்டாம்.

கேள்வி: எங்கள் பள்ளியில் 25 மீட்டர் போட்டிக் குளம் கட்டுகிறோம். சுவர் வார்த்தாயிற்று. கான்கிரீட்டுக்குக் கான்கிரீட் சரியாக 25.00 மீட்டர் இருக்கிறது. டைல்ஸ் வேலையை ஆரம்பிக்கலாமா?

நிறுத்துங்கள். சமன் பூச்சு, ஒட்டுக்கலவை, டைல்ஸ் மூன்றும் சேர்ந்து ஒரு முனைக்கு ஏறத்தாழ 30 மி.மீ. வரும். இரண்டு முனையும் முடிந்தால் குளம் 24.94 மீட்டர். சர்வதேச நீச்சல் விதியில் நீளம் 10 மி.மீ. வரை கூடலாம், ஒரு மில்லிமீட்டரும் குறையக் கூடாது. நீர்மட்டத்துக்கு மேல் 30 சென்டிமீட்டரிலிருந்து கீழே 80 சென்டிமீட்டர் வரை, ஒவ்வொரு பாதையிலும் இது பொருந்த வேண்டும். நேரம் பதியும் தொடுபலகை ஒன்றின் தடிமன் 10 மி.மீ.; இரு முனையிலும் மாட்டினால் டைல்ஸ் முகத்துக்கு முகம் 25.020 வேண்டும். ஆக, கான்கிரீட் 25.080 இருந்திருக்க வேண்டும்.

இப்போது செய்யக்கூடியது: முனைச் சுவர்களில் சமன் பூச்சைத் தவிர்த்து, மெல்லிய நீர்க்காப்புப் பூச்சின்மேல் நேரடியாக மொசைக் ஒட்டினாலும் முனைக்கு 10 மி.மீ. போய்விடும். கான்கிரீட்டை அரைத்து எடுப்பது கம்பியின் கவரைத் தின்னும்; அது வேண்டாம். ஒரு முனைச் சுவரின் மேற்பகுதியை வெட்டி மறுபடி வார்ப்பதுதான் நேர்மையான வழி. வடிவமைத்த பொறியாளர் இல்லாமல் அதில் இறங்காதீர்கள். பயிற்சிக்கு மட்டும் போதும் என்றால் இப்படியே முடிக்கலாம். அங்கே பதியும் நேரங்கள் மட்டும் அதிகாரபூர்வமாகச் செல்லாது. இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்: பந்தயம் தொடங்கக் குதிக்கும் மேடை வைக்கும் முனையில், சுவரிலிருந்து 1 மீட்டர் தொடங்கி 6 மீட்டர் வரை தண்ணீர் ஆழம் குறைந்தது 1.35 மீட்டர் இருக்க வேண்டும்.

கேள்வி: உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவி வைத்தோம். ஏணி துருப்பிடிக்கிறது. துருப்பிடிக்காத எஃகு என்றுதானே வாங்கினோம்?

துருப்பிடிக்காத எஃகிலேயே பல ரகம் உண்டு; உங்களுடையது 304 ரகமாக இருக்கும். கடல்நீரில் 35,000 பி.பி.எம். உப்பு என்றால் உங்கள் குளத்தில் 3,000 முதல் 4,000தான். 48 கன மீட்டர் குளத்துக்கு 168 கிலோ போட்டாலே 3,500 வந்துவிடும். ஆனால் தெறித்த துளி காய்ந்து, அதன்மேல் இன்னொன்று காய்ந்து, தண்ணீர்க் கோட்டுக்குச் சற்று மேலே உப்பு செறிந்துகொண்டே போகும். 304இல் புள்ளி புள்ளியாக அரிப்பு தொடங்குவது அங்கேதான். மாலிப்டினம் கலந்த 316எல் வாங்குங்கள், வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். இரும்பு நாரால் தேய்க்கவே கூடாது. அதன் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு அவையே துருவாக மாறும். நுண்துளையுள்ள கல்லைக் குளத்தின் விளிம்பில் பதித்திருந்தால் அதுவும் இந்த உப்பால் செதில் செதிலாக உரியும்.

கூரையுள்ள குளம் என்றால் எச்சரிக்கை இன்னும் அதிகம் தேவை. சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் 1985இல் ஓர் உள்ளரங்க நீச்சல் குளத்தின் கான்கிரீட் உட்கூரை இடிந்து விழுந்து 12 பேர் இறந்தார்கள். அதைத் தாங்கியிருந்த துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், குளோரைடு படிந்த காற்றில் இழுவிசையோடு சேர்ந்து உள்ளுக்குள் வெடித்திருந்தன. வெளியே பெரிதாக எதுவும் தெரியவில்லை. கழுவ முடியாத உயரத்தில் சுமை தாங்கும் பாகங்களுக்கு 304 மட்டுமல்ல, 316ம் ஏற்றதல்ல. மாலிப்டினம் மிகுந்த தனி ரகங்கள் உள்ளன. வடிவமைப்பாளர் பெயர் குறித்துத் தர வேண்டும்.

கேள்வி: தினமும் தண்ணீர் குறைகிறது. ஒழுக்கா, ஆவியாகிறதா?

ஒரு வாளியில் குளத்து நீரை நிரப்பி, படிக்கட்டில் பாதி மூழ்கும்படி வையுங்கள். வாளிக்குள் ஒரு கோடு, வெளியே குளத்து மட்டத்துக்கு ஒரு கோடு. 24 மணி நேரம் கழித்து இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் ஆவி. குளம் அதிகமாக இறங்கியிருந்தால் ஒழுக்கு. 32 சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. என்பது 32 லிட்டர். மோட்டார் ஓடும்போது ஒருநாள், ஓடாமல் ஒருநாள் இதைச் செய்யுங்கள். ஓடும்போது மட்டும் அதிகம் குறைந்தால் குற்றவாளி பெரும்பாலும் திரும்பிவரும் குழாய்.

கேள்வி: குளமும் பக்கத்திலேயே கூடைப்பந்துத் தளமும் கட்டுகிறோம். இரண்டுக்கும் ஒரே கான்கிரீட் லாரியை வரவழைத்தால் மிச்சமாகாதா?

கலவை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கலாம், வேலை வேறு. இரண்டு இடத்திலும் கான்கிரீட் சுருங்கத்தான் செய்யும், சுருங்கினால் விரிசல் விழத்தான் செய்யும். குளத்தில் விரிசலை நெருக்கமான கம்பியால், தண்ணீர் கசியாத மயிரிழை அளவுக்கு நுணுக்கிப் பரப்பிவிடுகிறோம். தளத்தில் கம்பி குறைவு. அதனால் விரிசல் எங்கே விழ வேண்டும் என்பதை நாமே இயந்திரத்தால் வெட்டிக் காட்டிவிடுகிறோம். குளத்து மேஸ்திரி பழக்கதோஷத்தில் தளத்தை வெட்டாமல் விட்டால், ஒரு மாதத்தில் விரிசல் தன் இஷ்டத்துக்குக் குறுக்கே ஓடும். தளத்தை வார்ப்பவர் குளத்தில் வெட்டினால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

குளத்தின் உள்பக்கம் பூச்சு பிடிக்கக் கொத்திவிட்ட மாதிரி சொரசொரப்பாக இருக்கலாம். தளத்துக்கு மட்டம் முக்கியம்: 3 மீட்டர் அலுமினியச் சட்டத்தை எந்தப் பக்கம் வைத்தாலும் அடியில் 3 மி.மீ.க்கு மேல் வெளிச்சம் தெரியக் கூடாது.

கேள்வி: வெளிப்புறக் கூடைப்பந்துத் தளத்துக்குத் தார் நல்லதா, கான்கிரீட் நல்லதா? அளவும் சொல்லுங்கள்.

சர்வதேச அளவு 28க்கு 15 மீட்டர். சுற்றிலும் 2 மீட்டர் தடையில்லா இடம் வேண்டும். ஆக 32க்கு 19, மொத்தம் 608 சதுர மீட்டர்.

இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றே. மேல்மண்ணையும் வேரையும் வழித்தெடுத்து, 150 மி.மீ. உடைகல் ஜல்லியை ரோலர் போட்டு இறுக்க வேண்டும். இறுகிய அளவு 91 கன மீட்டர். வாங்கும்போது கால் பங்குக்குச் சற்று அதிகமாகவே சேர்த்து வாங்குங்கள். களிமண்ணானால் ஜல்லிக்கு அடியில் மண்ணையும் ஜல்லியையும் பிரித்துவைக்கும் புவித்துணி விரிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜல்லி சேற்றில் இறங்கிவிடும்.

வாட்டம் 100க்கு 1. அகலவாக்கில், ஒரே தளமாக, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு. 19 மீட்டருக்கு 19 சென்டிமீட்டர் இறக்கம், ஆடும்போது தெரியாது. நடுவில் மேடுவைத்து இருபுறமும் சரிப்பதும் நீளவாக்கில் சரிப்பதும் வேண்டாம். அகலவாக்கில் சரித்தால் தண்ணீர் ஓடும் தூரமும் குறைவு, இரண்டு கூடைகளும் ஒரே மட்டத்தில் நிற்கும்.

தார் என்றால் 40 மி.மீ. அடியடுக்கு, அதன்மேல் 10 மி.மீ.க்கு மிகாத பொடி ஜல்லியோடு 35 மி.மீ. மேலடுக்கு. மொத்தம் 45.6 கன மீட்டர், ஏறத்தாழ 109 டன். இணைப்புக் கோடு வராது, வேலை சீக்கிரம் முடியும், பின்னால் ஒட்டுப்போடுவதும் சுலபம். வெயிலில் இளகும், நகர்த்தும் கூடைக் கம்பத்தின் சக்கரத்தை ஒரே இடத்தில் நிறுத்தினால் பள்ளம் விழும். ஆண்டுகள் போகப் போகத் தார் வறண்டு விரிசல் விடும். வர்ணம் பூசுமுன் குறைந்தது 14 நாள், முடிந்தால் 30 நாள் காயவிட வேண்டும்; உள்ளிருக்கும் எண்ணெய்ப்பசை வெளியேறாமல் பூசினால் பிடிக்காது.

கான்கிரீட் என்றால் 125 மி.மீ. தடிமன், 76 கன மீட்டர். ஜல்லிக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே 0.25 மி.மீ. தடிமனுள்ள பிளாஸ்டிக் தாள், ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி. இதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வியில். கம்பிவலை போட்டால் கட்டை வைத்துத் தூக்கி, மேல் மூன்றிலொரு பங்கில் நிறுத்துங்கள். கீழே விரித்துவிட்டு, வார்க்கும்போது கொக்கியால் இழுத்துக்கொள்ளலாம் என்பவர்கள் இழுப்பதேயில்லை. வலை ஜல்லியில் கிடந்து யாருக்கும் பயனில்லாமல் துருப்பிடிக்கும்.

வெட்டுக்கோடு: 32 மீட்டரை எட்டாகவும் 19 மீட்டரை ஐந்தாகவும் பிரித்தால் 4க்கு 3.8 மீட்டர் கட்டங்கள், ஏறத்தாழச் சதுரம். ஒரு கோடு நடுக்கோட்டிலேயே விழும். ஆழம், தடிமனில் கால் பங்கு, 32 மி.மீ. நேரம்தான் முக்கியம்: நடந்தால் தடம் பதியக் கூடாது, வெட்டினால் ஓரம் உதிரக் கூடாது. வெயில் காலத்தில் அது 6 மணி நேரத்தில் வந்துவிடும். குளிரில் மறுநாள் காலை. வெயிலில் வார்த்துவிட்டு இயந்திரம் நாளை வரும் என்றால் விரிசல் அதற்குமுன் வந்திருக்கும்.

மேற்பரப்பைக் கண்ணாடிபோல் இழைக்காதீர்கள். துடைப்பத்தால் நடுத்தரமாக வரி இழுத்துவிடுங்கள். க்யூரிங்குக்கு (கான்கிரீட்டை ஈரம் போகாமல் இறுகவிடுவதற்கு) மருந்து தெளிக்க வேண்டாம், அதன்மேல் அக்ரிலிக் ஒட்டாது. ஈரச்சாக்கு அல்லது பாத்தி கட்டித் தேக்கிய தண்ணீர் போதும்.

எது நல்லது? அடிமண் நம்பகமாக இருந்து, வெட்டுக்கோட்டை நேரத்தில் போட ஆள் இருந்தால் கான்கிரீட். மண் அசையும் இடத்தில், சில ஆண்டுக்கொருமுறை ஒட்டுப்போடத் தயாரென்றால் தார்.

கேள்வி: கான்கிரீட் தளத்தில் போட்ட அக்ரிலிக் வர்ணம் ஓராண்டுக்குள் கொப்புளம் விட்டு உரிகிறது. மறுபடி அடித்தால் நிற்குமா?

காரணம் தெரியாமல் அடித்தால் நிற்காது. உரிந்த துண்டு ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெண்தூள் ஒட்டியிருந்தால், மேலே மிதந்த சிமென்ட் பாலை அகற்றாமல் பூசியிருக்கிறார்கள். சுத்தமாக, வழவழவென்று இருந்தால் க்யூரிங் மருந்து அல்லது அதிகமாக இழைத்த பரப்பு. கொப்புளத்துக்குள் ஈரம் இருந்தால் அடியிலிருந்து ஆவி ஏறுகிறது.

ஆவியைச் சோதிக்க, 45 சென்டிமீட்டர் சதுரத் தெளிவான பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டி 16 மணி நேரம் விடுங்கள். தாளின் உட்புறம் முத்து கோத்தாலோ கான்கிரீட் கறுத்தாலோ ஈரம் வருகிறது. அடியில் தாள் விரிக்காத தளம், அல்லது மேட்டிலிருந்து வரும் மழைநீர் ஓரமாக ஊறுகிறது. மேட்டுப்பக்கம் ஒரு வடிகால் வெட்டினாலே சில தளங்கள் காய்ந்துவிடும். அது தீராவிட்டால் ஒட்டும் பூச்சையே மறந்துவிட்டு, பிணைத்துப் போடும் பிளாஸ்டிக் வில்லைக்குப் போவது மேல்.

ஈரம் இல்லையென்றால் பழையதை அரைத்தெடுத்து, நீர்த்த அமிலத்தால் கழுவி (தண்ணீரில் அமிலத்தை ஊற்றுங்கள், மாற்றி ஊற்றாதீர்கள்), நன்றாக அலசி உலர்த்துங்கள். பரப்பு உப்புத்தாள் மாதிரி இருக்க வேண்டும். ஒரு சொட்டு நீர் விட்டால் உருண்டு நிற்காமல் உறிஞ்சப்பட வேண்டும். பிறகு பிரைமர், மணல் கலந்த நிரப்புப் பூச்சு ஒன்றோ இரண்டோ, நிறப் பூச்சு இரண்டு. நிறப் பூச்சில் நுண்மணல் கலக்காவிட்டால் மழை தூறியதும் ஆட்டக்காரர் வழுக்கி விழுவார். 10 டிகிரிக்குக் கீழேயும், உச்சி வெயிலில் சுடும் தளத்திலும் பூச வேண்டாம். ஒன்றில் இறுகாது, மற்றதில் இழுப்பதற்குள் காய்ந்துவிடும்.

பூசுமுன் தளம் முழுவதும் தண்ணீர் விட்டு, ஒரு மணி நேரம் வடியவிடுங்கள். தேங்கிய இடங்களில் ஒரு நாணயத்தைப் படுக்கவைத்து, அது மூழ்கினால் சாக்கட்டியால் வட்டம் போட்டு அந்தப் பள்ளங்களை முதலில் நிரப்புங்கள்.

கேள்வி: அந்தப் பிளாஸ்டிக் வில்லைகள் பழைய, விரிசல் விட்ட தளத்தின்மேல் போடலாமா?

போடலாம், அதுதான் அவற்றின் பெரிய பலம். பாலிப்ரொப்பிலீன் வில்லைகள் ஒன்றோடொன்று கொக்கியால் பிணையும், தரையில் ஒட்டுவதில்லை. விரிசல் மேலே ஏறாது, தண்ணீர் கீழே இறங்கி ஓடிவிடும். ஆனால் பள்ளமான இடத்தில் வில்லை தரையைத் தொடாமல் தொங்கினால் பந்து அங்கே செத்த சத்தத்தோடு குறைவாக எழும்பும். ஆகவே பள்ளம் நிரப்பும் வேலை இங்கும் உண்டு.

வெப்ப விரிவை மறந்துவிடுகிறார்கள். 32 மீட்டர் ஓட்டத்தில் 30 டிகிரி மாற்றத்துக்கு ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் நீளக் கணக்கு வருகிறது. கொக்கிகளில் உள்ள தளர்வு ஒரு பகுதியை உள்வாங்கும். மிச்சத்துக்கு நான்கு ஓரத்திலும் இடம் விட வேண்டும். வேலிக்கால் வரை முட்டவைத்து விடியற்காலையில் போட்ட தளம் மதியம் நடுவில் கூரைபோல் எழும்பி நிற்கும். கம்பத்தைச் சுற்றி வெட்டும்போதும் இடைவெளி விடுங்கள். பந்துச் சத்தம் கூடும். பக்கத்தில் படுக்கையறை இருந்தால் யோசிக்கவும்.

கேள்வி: குழந்தைகள் விழுந்தால் அடிபடாமலிருக்க, பூங்காக்களில் போடும் தடித்த ரப்பர் தளம் போடலாமா?

ஊஞ்சலுக்கு அடியில் போடலாம், பந்தாட்டத்துக்கு வேண்டாம். பந்து எழும்பாது, திரும்பும்போது கால் மாட்டிக்கொள்ளும். மெத்தென்று வேண்டுமானால் அக்ரிலிக் நிறப் பூச்சுக்கு அடியில் ரப்பர்த் துகள் கலந்த சில அடுக்குகள் இழுக்கலாம். மாதிரியின்மேலும் வெறும் கான்கிரீட்டின்மேலும் ஒரே பந்தை ஒரே உயரத்திலிருந்து போட்டு, எழும்பும் உயரத்தைச் சுவரில் குறித்து ஒப்பிடுங்கள். உள்ளரங்கத் தளத்துக்கான ஐரோப்பியத் தரவிதி 90 சதவீதமாவது கேட்கிறது. அந்த அளவை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கூடைக் கம்பத்துக்கு 60 சென்டிமீட்டர் குழி போதும் என்கிறார் வெல்டர். சரியா?

கம்பம் முனைக்கோட்டுக்கு வெளியே 2 மீட்டர், பலகை கோட்டுக்கு உள்ளே 1.2 மீட்டர், ஆக பலகையைத் தாங்கும் இரும்புக் கையின் நீளம் 3.2 மீட்டர். 12 மி.மீ. கண்ணாடிப் பலகை 1.8க்கு 1.05 மீட்டர் அளவில் 57 கிலோ, சட்டத்தையும் கையையும் சேர்த்து மொத்தம் 100 என்று வைத்து, வளையத்தில் 100 கிலோ ஆள் ஒருவர் தொங்கினால் கவிழ்க்கும் திருப்புவிசை 640 கிலோகிராம்–மீட்டர். 60 சென்டிமீட்டர் கனசதுரக் கான்கிரீட்டின் எடை 520 கிலோ; அது எதிர்க்கக்கூடியது 155. எஞ்சியதை மண் தாங்கும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது; மழையில் மண் இளகும். 1.2 மீட்டர் கனசதுரம் 4 டன்னுக்கு மேல், எதிர்ப்பு 2,400ஐத் தாண்டும். குதித்துத் தொங்கும் அதிர்வுக்கும் காற்றுக்கும் இந்த மிச்சம் தேவை.

நங்கூர போல்ட்டுகளைத் தகட்டு அச்சில் கோத்து, வார்க்கும்போதே ரசமட்டம் பார்த்து நிறுத்துங்கள். அடித்தளத்துக்கும் தளத்துக்கும் நடுவே 12 மி.மீ. இடைவெளி விட்டு மெத்தென்ற நிரப்புப் பொருளால் நிரப்புங்கள்; இல்லாவிட்டால் கம்பத்தின் ஒவ்வொரு ஆட்டமும் தளத்தில் விரிசலாக இறங்கும். வளையத்தின் மேல்விளிம்பு 3.05 மீட்டர் என்பதை, வர்ணம் பூசி முடித்த தரையிலிருந்து அளந்தபின் போல்ட்டை இறுக்கச் சொல்லுங்கள்.